நேர்த்திக்கடனாகிய நாடகம்

நடிப்பதையே தொழிலாகக் கொண்டு ஊர்தோறுஞ் சென்று பொருளீட்டும் குழுவினர் நடிக்கும் நாடகத்திற் கலைத்திறம் மிகுதி. உழுதும், தச்சு வேலை செய்தும், கடை வைத்தும் வாழும் ஓரூர் மக்கள் தாமே கூடித் தம்மூரில் நடிக்கும் நாடகத்தில் அத்துணைத் திறத்தை எதிர்பார்த்தல் இயலாது. எனினும், இதனைக் காண்டற்கு மக்கள் காததூரம் கடந்து வருதலும், கண்டோர் நெஞ்சு நெகிழ்ந்து மீளுதலும் உலகிற் பலவிடத்தும் நிகழ்வனவே. இவ்வீர்ப்பு எதனால் உண்டாகின்றது? அரங்கின் அழகாலன்று, பாட்டின் இனிமையாலும் அன்று. இதனை ஆராய விழைவார் ஜெர்மனி நாட்டின் தென்பகுதியாகிய பவேரியாவில், ஆல்ப்சு மலைச்சாரலில் அமைந்த ஓபராமர்கௌ என்னும் சிற்றூரின் வரலாற்றை நோக்குதல் சாலும்.

அவ்வூர் அம்மர் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில், கோபெல் எனப்படும் செங்குத்தான பாறைமலையின் அடியில் உள்ளது. இன்றும் அங்கு வாழ்வார் ஏறக்குறைய ஐயாயிரவரே. அண்மையில் எட்டால் என்னும் ஊரில் 1330ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற துறவியர் மடம் ஒன்று உண்டு. ஆக்ஸ்பர்க் நகரினின்று இத்தாலிக்குச் செல்லும் பழைய வாணிகப் பெருவழி அப்பள்ளத்தாக்கின் ஊடே சென்றது. நிலம் வளங்குன்றியதாதலின், ஊரார் பண்டுதொட்டே மரச்சிற்ப வேலையிற் கைதேர்ந்தவராயினர். சிலுவையும், திருவுருவங்களும், சிறுவர் விளையாட்டுப் பாவைகளும் செதுக்கிச் சுமை வணிகர் வாயிலாக ஐரோப்பா எங்கும் விற்று வந்தனர். இயேசு நாதரின் துன்புற்ற திருமுகத்தைத் தலைமுறை தலைமுறையாக மரத்திற் செதுக்கிப் பழகிய கைகள் அவர்களுடையவை. பிற்காலத்தில் அவர்கள் அம்முகத்தைத் தம்மேலேயே தாங்கி அரங்கேறியது வியப்பன்று.

1618ஆம் ஆண்டு முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரினால் ஜெர்மானிய நாடுகள் சுடுகாடாயின. 1632இல் சுவீடன் நாட்டுப் படை பவேரியாவுட் புகுந்தது. படையைத் தொடர்ந்து பஞ்சமும், பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தன. சுற்றுப்புறத்து ஊர்களிற் பிணங்கள் குவிந்தபொழுது, ஓபராமர்கௌ ஊரார் வழிகளிற் காவல் வைத்து, வேற்றூரார் உட்புகாதபடி தடுத்துச் சிலகாலம் பிழைத்திருந்தனர். அயலூரிற் கூலிக்கு உழைத்து வந்த கஸ்பர் ஷிஸ்லர் என்பான், கோயில் திருவிழாவன்று தன் மனைவி மக்களைக் காணும் வேட்கையால் இரவிற் காவலைக் கடந்து வீடு வந்தான் என்றும், இரண்டொரு நாளில் அவன் இறக்க அவன்வழி நோய் ஊரிற் பரவியது என்றும் செவிவழிச் செய்தி கூறும். குற்றவாளி என்று அவனை ஊரார் தூற்றியதாகத் தெரியவில்லை. வீட்டை நினைந்து வந்தவன் என்ற இரக்கமே அக்கதையில் மேலோங்கி நிற்கின்றது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1633ஆம் ஆண்டில் எஞ்சிய ஊர்ப்பெரியோர் கோயிலிற் கூடி, இறைவன் இந்நோயை நீக்குவானாயின், இயேசு நாதர் பாடுபட்டு இறந்த வரலாற்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நாடகமாக நடிப்போம் என்று நேர்ந்துகொண்டனர். நம்மவர் நேர்த்திக்கடன் என வழங்குவது எதுவோ அதுவே இது. காவடியெடுத்தலும், அங்கப்பிரதட்சணஞ் செய்தலும் தனி ஒருவர் கடன். இஃதோ ஊர் முழுவதும் பட்ட கடன். அன்று முதல் ஒருவரும் நோயால் இறந்திலர் என்பது ஊர் வழக்கு. இறப்புப் பதிவேட்டை ஆராய்ந்த பிற்கால அறிஞர், நோய் ஒரே நாளில் நில்லாது படிப்படியாகத் தணிந்தமையை எடுத்துக்காட்டுவர். நோய் நின்றது எவ்வாறாயினும் ஆகுக. நேர்ந்தவர் சொல்லிற் பிறழ்ந்திலர் என்பதே வரலாற்றிற்கு வேண்டுவது. மறு ஆண்டு, 1634இல், பெந்தெகொஸ்தே திருநாளில் முதல் நாடகம் நடந்தது. அரங்கு அமைத்த இடம் யாது? கோயிலை அடுத்த இடுகாடு. சென்ற ஆண்டில் நோயால் இறந்தோரைப் புதைத்த மண்ணின்மேற் பலகைகளைப் பரப்பி, இறந்தோருடைய மக்களும் உடன்பிறந்தாரும் நடித்தனர். பார்த்தவர்களும் அவர்களே. உலகில் எந்த அரங்கத்திற்கும் இத்தகைய அடித்தளம் வாய்த்திருத்தல் அரிது.

இனி, நடித்த சொற்கள் யாவை என்பது ஆராயத்தக்கது. இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய ஏடு 1662ஆம் ஆண்டினது. அதுவும் ஊராரின் சொந்தப் படைப்பன்று. ஆக்ஸ்பர்க் நகரத்து மடமொன்றில் வழங்கிய நாடகத்தையும், அந்நகரத்துப் புலவர் செபஸ்தியான் வைல்டு 1566இல் வெளியிட்ட நாடகத்தையும் இணைத்துத் தைத்தது. 1680 முதல் பத்தால் வகுபடும் ஆண்டுகளில் நடிக்கும் முறை ஏற்பட்டது. 1750இல் எட்டால் மடத்துத் துறவியாகிய பெர்டினாண்டு ரோஸ்னர் புதியதொரு பாடத்தை இயற்றினார். அதில் உலோபமும், பொறாமையும், மரணமும், அலகையரசனும் உருவெடுத்து வந்து, மனிதரைத் தீமைக்கு ஏவுவர். இச்செய்தியை நினைவிற் கொள்க. இருநூறு ஆண்டு கழித்து இஃது ஊரையே பிளக்கவிருந்தது.

1770ஆம் ஆண்டிற் பேரிடர் ஒன்று நேர்ந்தது. சமயத்தின் மேலான மறைபொருளை அம்பலத்தில் ஆடுதல் தகாது என்று கருதிய பவேரிய அரசு, நாடு முழுவதிலும் இத்தகைய நாடகங்களை விலக்கிற்று. அக்காலத்திற் பவேரியாவிலும் திரோலிலும் பாடு நாடகம் நடித்த ஊர்கள் மிகப்பல. பெரும்பாலான ஊர்கள் அவ்வாணையோடு அடங்கிவிட்டன. ஓபராமர்கௌ ஊரார் அடங்கவில்லை, கலகமும் செய்திலர். விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாக எழுதினர். நாங்கள் விரும்பி ஆடுவதன்று, பட்ட கடன் இது என்பதே அவர்கள் வாதம். அரசினர்க்கு ஒவ்வாத பகுதிகளை நீக்கிப் பாடத்தைத் திருத்திய பின்னர் 1780இல் நடிக்க இசைவு கிடைத்தது. 1810இல் மீண்டும் தடை வந்தது. மடங்கள் கலைக்கப்பட்ட காலம் அது. எட்டால் மடத்தினின்று வெளியேற நேர்ந்த ஒத்மார் வைஸ் என்னும் துறவி, பேய்களையும் உருவகங்களையும் நீக்கி, நற்செய்தி நூல்களை ஒட்டிய புதிய பாடத்தை எழுதித் தந்தார். ஊர்ப் பள்ளியாசிரியர் ரோகுஸ் டெட்லர் இசையமைத்தார். 1811இல் நாடகம் மீண்டது. 1830இல் அரங்கு இடுகாட்டினின்று ஊர்ப்புறத்திற்கு மாற்றப்பட்டது. 1860இல் ஊர்க்குருவாகிய யோசப் அலோய்ஸ் டைசன்பெர்கர் வைஸின் பாடத்தைச் செப்பஞ்செய்தார். அவரே ஊர் இளைஞர் இடையாண்டுகளிற் பழகும்பொருட்டு வேறு சிறு நாடகங்களும் இயற்றினார்.

இவ்வரலாற்றால் ஒன்று விளங்கும். மாறாது நின்றது கடன். சொல் மாறிக்கொண்டே வந்தது. முன்னோர் தலைமுறைக்கு ஒருமுறை பாடத்தைக் கீறித் திருத்தத் தயங்கினாரல்லர்.

இனி நடிப்பின் இயல்பு. அவ்வூரிற் பிறந்தவராதல் வேண்டும். அன்றேல் இருபதாண்டு அங்கு வாழ்ந்தவராதல் வேண்டும். சிறுவர்க்கு மட்டும் இவ்வரை இல்லை. பொய்மயிர் கூடாது. ஆதலின் நாடகத்திற்கு முந்திய ஆண்டின் சாம்பற் புதனன்று, ஆடவரும் மகளிரும் முடி வெட்டலாகாது, ஆடவர் தாடி களையலாகாது என்று ஊரவை அறிவிப்பு ஒட்டும். ரோமப் போர்வீரராக வருவார்க்கு மட்டும் விலக்கு. அதன்பின் ஓராண்டுக்கு மேலாக, அஞ்சற்காரரும், கொத்தனாரும், பள்ளி மாணாக்கரும் நீண்ட முடியும் தாடியுமாகத் தெருவில் உலவுவர். அவரைக் காணும் அயலூரார்க்கு வேடம் எது, வாழ்வு எது என்று பிரித்தறிதல் அரிதாகும். வேடத்தின் பெருமையை மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றால் உணர்ந்த சைவமக்கள் இதனைப் புதுமையென்று கருதார்.

எவர்க்கு எவ்வேடம் என்பதை ஊரவையினர் முடிவு செய்ய, அரங்கின் முன்னர்க் கரும்பலகையிற் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு பெயராக எழுதுவர். ஊர் முழுவதும் குளிரில் நின்று பார்க்கும். தந்தை ஏற்ற வேடம் மகனுக்கு வருமா, பகைத்த குடும்பத்தார்க்குப் போகுமா என்ற ஏக்கம் ஒவ்வொருவர் முகத்திலும் இருக்கும். யூதாசு வேடம் வேண்டாம் என்பாரில்லை. அஃது அரிய நடிப்பிற்கு இடமாதலின் விரும்பப்படுவதே. பார்வையாளர் நாலாயிரவர்க்கு மேல் அமரும் கூடம் 1900ஆம் ஆண்டிற்கென இருப்பு வளைவுகளால் எழுப்பப்பட்டது. ஆனால் நடிப்போர் நிற்கும் மேடைக்கு நெடுங்காலம் மேற்கூரை வானமாகவே இருந்தது. மழை பெய்யினும், மலைக்காற்று வீசினும் ஆட்டம் நில்லாது. நாடகம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நிகழும். இடையில் உணவிற்கு நீண்ட ஓய்வு உண்டு.

காட்சிகளுக்கு இடையே பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளை அசையாச் சித்திரமாக நிறுத்துதல் அந்நாடகத்தின் தனிச்சிறப்பு. திரை விலகும். முதியோரும், மகளிரும், குழந்தைகளும் உயர்த்திய கை உயர்த்தியபடி, இமையும் ஆடாதவராய் நிற்க, பாடற்குழுவினர் அதன் பொருளைப் பாடுவர். பாட்டு முடியுமளவும் ஒரு குழந்தையும் அசைவதில்லை. தொழில் நடிகரைக்கொண்டு இதனைச் செய்தல் அருமையன்று. நேற்று மாலை தெருவில் ஓடித் திரிந்த குழந்தைகளைக்கொண்டு செய்தலே அருமை. மரச்சிற்பியர் ஊரில் மனிதரே சிற்பமாகி நிற்றலைக் காண்போர், தாம் வந்தது வீண்போகவில்லை என்று உணர்வர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் திரள்திரளாக வரலாயினர். பல நாடு சுற்றிய ரிச்சர்டு பர்ட்டன் 1880இல் வந்து கண்டு நூலெழுதினார். 1930இல் வந்தவருள் ஒருவர் இரவீந்திரநாத தாகூர். வங்கமொழியில் எழுதிப் பின் மொழிபெயர்ப்பதே வழக்கமாகக் கொண்ட அக்கவிஞர், அந்நாடகங் கண்ட உணர்ச்சியால் நேரே ஆங்கிலத்தில் ‘குழந்தை’ என்னும் பொருள்படும் நெடும்பாட்டை இயற்றினார். வங்க வடிவம் பின்னரே எழுந்தது. கிறித்தவரல்லாத ஒரு பெருங்கவிஞர் நெஞ்சை அச்சிற்றூரார் அசைத்தனர் என்பது கருதத்தக்கது.

போர்கள் இந்நாடகத்தையும் விட்டில. 1870இல் பிரான்சு நாட்டோடு போர் மூள, ஆட்டம் இடையில் நின்றது. இயேசுவாக நடித்த யோசப் மாயர் என்னும் மரச்சிற்பியும் படைக்கு அழைக்கப்பட்டார். ஆயினும் அவர் தம் நீண்ட முடியைக் களையாது பணிபுரிய மன்னர் இரண்டாம் லூத்விக் இசைவளித்தார். மறு ஆண்டு ஆட்டம் நிறைவெய்தியது. முதல் உலகப்போரில் ஊர் இளைஞர் பலர் மாண்டமையால் 1920இல் நடத்த இயலாது, 1922இல் நடத்தினர். அம்முறை இயேசுவாக நின்ற அன்டன் லாங் குயவர். 1900, 1910 ஆண்டுகளிலும் அவரே அவ்வேடம் ஏற்றவர். ஆட்டம் முடிந்தபின் அவர் திரும்பிச் சென்றது தம் சக்கரத்தினிடத்திற்கே.

இத்துணைப் பெருமைக்கு இடையே பெருமாசு ஒன்றும் இருந்தது. அதனை மறைத்தல் வரலாறாகாது. நாடகத்தில் யூதமக்கள் அனைவரும் இயேசுவைக் கொல்லத் துடிக்கும் கொடியராகக் காட்டப்பட்டனர். யூதகுருமார் தலையிற் கொம்புபோன்ற அணி. ரோம ஆளுநன் பிலாத்துவோ அவர்தம் வற்புறுத்தலுக்கு இரங்கத்தக்க வகையிற் பணிந்த நல்லவன். அவர் குருதிப்பழி தங்கள்மேலும் தங்கள் மக்கள்மேலும் வருக எனக் கூட்டம் கூவுவதாக மத்தேயு நூலில் வரும் கூற்று, மேடையில் நூற்றுக்கணக்கானோர் குரலாய் முழங்கிற்று. இயேசுவும், மரியாளும், திருத்தொண்டர் பன்னிருவரும் யூதரே என்பது அம்முழக்கத்தில் மறைந்து போயிற்று. 1900இல் நாடகங் கண்ட அமெரிக்க யூதகுரு யோசப் கிராஸ்கோப் என்பார், மறு ஆண்டு வெளியிட்ட நூலில் இக்குறையை விரித்துரைத்தார். ஊரார் செவிசாய்த்திலர்.

1934ஆம் ஆண்டு முந்நூறாவது ஆண்டு நிறைவு. நாஜிகள் ஆட்சிக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் ஹிட்லர் நேரில் வந்து நாடகங் கண்டான். பாடத்திற் பெரிதும் மாற்றம் செய்யவேண்டிய தேவை நாஜிகளுக்கு நேரவில்லை. இருந்தபடியே அது பயன்பட்டது. அன்பின் பொருட்டு உயிர்விட்ட ஒருவர் வரலாறு, கொலைஞர் கைக்கருவியாதற்கு அத்துணை எளிதாய் இருந்தமை அஞ்சத்தக்கது. 1938 நவம்பரில் யூதர்மேல் நாடெங்கும் வன்முறை கட்டவிழ்க்கப்பட்டபொழுது, அவ்வூரில் வாழ்ந்த யூதக் குடிப்பிறப்பினர் ஒருவர், கிறித்தவ சமயந் தழுவியவராயிருந்தும், வீட்டிற் புகுந்து தாக்கப்பட்டு டாக்கௌ முகாமில் அடைக்கப்பட்டார். 1942இல் ஹிட்லர் தன் உணவு மேசையில், யூதரால் விளையும் தீமையைக் காட்டற்கு இந்நாடகம் காக்கப்படவேண்டும் என்று கூறியதாகக் குறிப்பு உண்டு. இரண்டாம் உலகப்போரால் 1940இல் நாடகம் நடைபெறவில்லை.

போர் முடிந்து உண்மைகள் வெளிப்பட்ட பின்னும், 1950இல் அதே டைசன்பெர்கர் பாடமே மேடையேறியது. 1965இல் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்திற்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கலாகாது என்று அறிவித்தது. 1970இல் யூத அமைப்புகள் நாடகத்தைப் புறக்கணிக்குமாறு வேண்டின. ஊர் இருபிரிவாயிற்று. சீர்திருத்தம் நாடியோர்க்கு ஹான்ஸ் ஷ்வைகோபர் என்னும் சிற்பி தலைவர். அவர் புதிதாக ஒன்றையும் ஆக்காமல், மறந்துபோன ரோஸ்னர் பாடத்தைப் பெட்டியினின்று எடுத்தார். அதிற் பழி ஓரினத்தார் மேலதன்று; உலோபம், பொறாமை முதலாக எல்லார் நெஞ்சிலும் குடியிருக்கும் அலகைகளின் மேலது. 1977இல் முன்னோட்டமாக அது நடிக்கப்பட்டது. மற்றைப் பிரிவினர், முன்னோர் மரபை மாற்றலாகாது என்று எதிர்த்தனர். உறவினர் உறவினரோடு பேசாராயினர். உண்ணும் விடுதிகளிலும் பூசல். 1980இல் மீண்டும் டைசன்பெர்கர் பாடமே வென்றது. எது மரபு? நூற்றிருபது ஆண்டுப் பாடத்தைக் காத்தவர், இருநூற்றுமுப்பது ஆண்டுப் பாடத்தைப் புதுமையென்று விலக்கினர்! முன்னோர் பாடத்தைத் திருத்தித் திருத்தியே கடனைக் காத்தனர் என்பதை நினைப்பார் அன்று சிலரே.

1990இல் திருப்பம் வந்தது. விடுதி நடத்துங் குடும்பத்திற் பிறந்து மரச்சிற்பம் பயின்ற கிறிஸ்தியான் ஸ்டூக்கல் என்னும் இளைஞர் நாடகத்தலைவரானார். அதுகாறும் மணமான மகளிரும், முப்பத்தைந்து வயது கடந்த மகளிரும் மேடையேறலாகாது என்பது விதி. பெண்டிர் சிலர் வழக்கிட்டு வென்றனர். அவ்வாண்டே மணமாகி மக்களைப் பெற்ற ஒருவர் மரியாள் வேடம் ஏற்றார். ஆடவர்க்கு வயதும் மணமும் தடையாகாதிருக்கப் பெண்டிர்க்கு மட்டும் ஆயின என்பதற்கு நேர்த்திக்கடனில் யாதொரு சான்றும் இல்லை. அது பின்வந்தோர் சேர்த்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்டூக்கலும், உடனுழைத்த ஒட்டோ ஹூபரும் பாடத்தைப் பெரிதும் மாற்றினர். குருதிப்பழிக் கூற்று நீங்கிற்று. பிலாத்து கொடுங்கோலனாகவே காட்டப்பட்டான். யூதரவையில் இயேசுவிற்காக வாதிடுவோர் குரல் ஓங்கி ஒலித்தது. பின்வந்த ஆட்டங்களில் இயேசு யூத ஆசிரியராகவே நின்று, எபிரேய மொழியில் வேண்டுதல் ஓத, மேடையிலுள்ள மக்கள் திரளும் உடன்பாடியது. கத்தோலிக்கர் அல்லாதார்க்கும், கிறித்தவரே அல்லாதார்க்கும் அரங்கு திறந்தது. ஊரில் இருபதாண்டு வாழ்ந்தவர் எச்சமயத்தவராயினும் ஊரவரே என்பது முடிவாயிற்று.

2020ஆம் ஆண்டு வேனிலில் நடைபெறவேண்டிய நாடகம், ஒத்திகை முற்றுப்பெறும் நிலையில், மார்ச்சுத் திங்களில் நிறுத்தப்பட்டது. காரணம் கொள்ளைநோய். நோய் நீங்கியதன் பொருட்டுத் தொடங்கிய நாடகம் நோயினாலேயே நின்றது. 2021ஆம் ஆண்டு சாம்பற் புதனன்று முடி வளர்க்கும் அறிவிப்பு மீண்டும் ஒட்டப்பட்டது. 2022 மே 14 முதல் அக்டோபர் 2 வரை ஆட்டம் நடந்தது. நான்கு இலக்கத்திற்கு மேற்பட்டோர் கண்டனர். முதன்மை வேடங்களுக்கு இவ்விருவர் அமைந்து முறைமாற்றி நடித்தனர். யூதாசு வேடத்தார் இருவருள் ஒருவர், துருக்கியினின்று வந்து குடியேறிய குடும்பத்திற் பிறந்து அவ்வூரில் வளர்ந்த இஸ்லாமிய இளைஞர். அவர் பெயரையும் மற்றைப் பெயர்களோடு ஒன்றாக அதே கரும்பலகையிற் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தனர். அடுத்த ஆட்டத்திற்குரிய ஆண்டு 2030.